வண்ணத்துப்பூச்சியைத் தேடிய டாக்டரும், சமையலறையில் தவித்த அக்காவும்!

ஐந்து பேருக்கு இரவுச் சாப்பாடு. வீட்டு ஆட்கள் நான்கு பேர், விருந்தாளி ஒருவர். ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பெண்ணுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? விருந்தாளியும் வேற்று ஆள் இல்லை, கூடப்பிறந்த தம்பி. சமைப்பதற்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் முழுக்க நேரம் இருந்தது. ஆசையாகத்தான் ஆரம்பித்தார்.

சாப்பிடும் நேரம் வந்தது. தம்பி சமையலறைக்குள் போய்ப் பார்த்தார். வாங்கிய பொருள்கள் எல்லாம் அங்கேயே இருந்தன. அடுப்பில் ஒன்றிரண்டு பாத்திரங்கள். சாலட் தயாராகவில்லை. இறைச்சி அடுப்பில் ஏறவே இல்லை. எதை முதலில் செய்வது, எதை அடுத்து செய்வது என்று தெரியாமல் அக்கா களைத்துப்போய், கலங்கிப்போய் நின்றுகொண்டிருந்தார்.

அக்காவின் பெயர் ரூத். தம்பியின் பெயர் வைல்டர் பென்ஃபீல்ட். அதற்கு 15 மாதங்களுக்கு முன்பு, 1928 டிசம்பரில், அக்காவின் மண்டையோட்டைத் திறந்து மூளையின் வலது முன்பகுதியைப் பெருமளவு வெட்டி எடுத்தவர் அந்தத் தம்பிதான்.

ரூத்துக்கு இளம் வயதிலிருந்தே தலைவலியும் வலிப்பும் இருந்தன. காரணம் மூளைக்கட்டி என்று தெரியவந்தபோது அவருக்கு வயது 43. கூடப்பிறந்தவளுக்கு ஆபரேஷன் செய்ய எந்த டாக்டரும் தயங்குவார். பென்ஃபீல்ட் துணிந்தார். கட்டியை முழுதாக எடுக்க முடியவில்லை. ரூத் வீடு திரும்பினார், பேசினார், சிரித்தார். மேலோட்டமாகப் பார்த்தால் பழைய ரூத்தேதான். அந்த ஒரு இரவுச் சாப்பாடு மட்டும் அப்படி இல்லை என்று காட்டிக்கொடுத்தது. கட்டி மறுபடி வளர்ந்து, 1931-ல் ரூத் இறந்துபோனார்.

மூளையில் எந்த இடம் எதற்கு? எதை எடுத்தால் எது போகும்? எடுப்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள முடியுமா? வாழ்நாள் முழுக்க பென்ஃபீல்டை விடாமல் துரத்திய கேள்விகள் இவை. பதில் தேட அவர் கையில் எடுத்தது, மெல்லிய கம்பி முனையில் வரும் துளி மின்சாரம்.

ஸ்விட்ச்போர்டும் மூளையும்

புது வீட்டுக்குக் குடிபோனதும் என்ன செய்வோம்? ஸ்விட்ச்போர்டில் ஒவ்வொரு ஸ்விட்சாகத் தட்டிப் பார்ப்போம். இது ஃபேன், இது ட்யூப்லைட், இது எதற்கென்றே தெரியவில்லை. மூளையை மின்சாரத்தால் தொட்டுப் பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். என்ன, இங்கே ஸ்விட்சுகளுக்குள் எல்லைக்கோடு கிடையாது. சில இடங்களைத் தொட்டால் விளக்கு எரிவதற்குப் பதிலாக அணையும்.

1870-ல் ஜெர்மனியின் ஃப்ரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இரு டாக்டர்கள் நாய்களின் மூளையில் இதைச் செய்து காட்டினார்கள். மூளையின் ஒரு பக்கத்தில் குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால், உடம்பின் மறுபக்கத்துக் கால் அசைந்தது. நான்கே ஆண்டுகளில் ஒருவர் மனிதர் மேலேயே கையை வைத்துவிட்டார். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ராபர்ட்ஸ் பார்த்தலோ என்ற டாக்டரிடம் மேரி ராஃபர்ட்டி என்ற பெண் சிகிச்சைக்கு வந்தார். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். புற்றுநோய் அவரது மண்டையோட்டை அரித்து, மூளை தெரியும் அளவுக்குப் புண் ஆகியிருந்தது. பார்த்தலோ அதற்குள் ஊசிகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சினார். முதலில் கை, கால் அசைந்தன. மின்சாரத்தைக் கூட்டினார். மேரி அழுதார், வலிப்பு வந்தது, நினைவிழந்தார். சில நாட்களில் இறந்தும்போனார். இந்தச் சோதனையால் மேரிக்கு எந்த நன்மையும் கிடைக்கப்போவதில்லை என்பது பார்த்தலோவுக்கு முன்பே தெரியும். மருத்துவ உலகம் கொதித்தது. அவரும் வருத்தம் தெரிவித்தார்.

மேரியின் கதையை மறக்காமல் இருப்பது நல்லது. ஏனென்றால், பென்ஃபீல்ட் செய்ததும் பார்ப்பதற்கு இதே காரியம்தான். யாருக்காகச் செய்தார் என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

1928-ல் பென்ஃபீல்ட் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரத்துக்குப் போனார். இன்று அது போலந்தில் இருக்கும் விராட்ஸ்வாஃப். அங்கே ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர் என்ற டாக்டர், முதல் உலகப்போரில் தலையில் காயம்பட்டு, பிறகு வலிப்பால் அவதிப்பட்ட சிப்பாய்களுக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். அதுவும் நோயாளி விழித்திருக்கும்போதே. வலிப்பைக் கிளப்பும் தழும்பு எங்கே என்று மின்சாரத்தால் தேடுவார். தொட்டதும் நோயாளிக்கு வழக்கமாக வலிப்பு தொடங்கும் அதே உணர்வு வந்தால், இடம் சிக்கியது என்று அர்த்தம்.

பென்ஃபீல்ட் அந்த முறையைக் கற்றுக்கொண்டு கனடாவின் மான்ட்ரியல் நகருக்குப் போனார். அக்காவின் மரணத்துக்குப் பிறகு, மூளைக்கென்றே ஒரு தனி நிலையம் வேண்டும் என்பதில் இன்னும் பிடிவாதமானார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 12 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. 1934-ல் மான்ட்ரியல் நரம்பியல் நிலையம் திறக்கப்பட்டது.

விழித்திருக்கும்போதே ஆபரேஷனா?

கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் மூளைக்கு வலி தெரியாது. உடம்பு முழுவதும் எங்கே வலித்தாலும் நமக்குச் சொல்வது மூளைதான், அதன் மேலேயே கை வைத்தால் அதற்குத் தெரிவதில்லை! வலிப்பதெல்லாம் தலைத்தோலும் மூளையைச் சுற்றிய உறையும்தான். அவற்றுக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டால் போதும். நோயாளி பேசிக்கொண்டே இருக்கலாம்.

பென்ஃபீல்ட் மின்முனையால் ஓர் இடத்தைத் தொடுவார். கட்டைவிரல் துடிக்கும், அல்லது நாக்கு மரத்ததுபோல் இருப்பதாக நோயாளி சொல்வார். உடனே அந்த இடத்தில் எண் எழுதிய ஒரு சின்னத் துண்டுச் சீட்டு வைக்கப்படும். 1, 2, 3 என்று கொஞ்ச நேரத்தில் மூளை மேல் சீட்டுகள் நிறைந்துவிடும். கடைசியில் ஒரு போட்டோ. நோயாளி பயத்திலோ, டாக்டரைத் திருப்திப்படுத்தவோ கற்பனையாகச் சொல்லிவிடக் கூடாதே? அதற்கும் ஒரு தந்திரம் வைத்திருந்தார். இப்போது தொடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடாமல் இருப்பார். சில நேரம் சொல்லாமலே தொடுவார்.

கை அசைந்தபோது நோயாளிகள் சொன்னதுதான் விசித்திரம். கையை அசைத்தது நான் இல்லை, நீங்கள்தான் என்பார்களாம். கை அவர்களுடையது, அசைவும் அவர்களுடைய மூளையிலிருந்து வந்ததுதான். ஆனாலும் அது தன் விருப்பம் அல்ல என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. விருப்பம் என்பது எங்கே இருக்கிறது என்ற கேள்வியை பென்ஃபீல்ட் முதுமை வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

1937-ல் 163 பேரிடம் கிடைத்த பதில்களை எட்வின் போல்ட்ரேயுடன் சேர்ந்து வெளியிட்டார். அதில்தான் அந்தப் பிரபலமான குட்டி மனிதன் பிறந்தான். ஓவியர் ஹார்ட்டென்ஸ் கான்ட்லி வரைந்தது. உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளை எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறதோ, அந்த அளவில் அந்தப் பாகத்தை வரைந்தால் கிடைக்கும் உருவம். உதடு தடித்து, நாக்கு நீண்டு, கை விரல்கள் முறம்போல விரிந்து, முதுகு சூம்பிப்போய் இருப்பான். ஏன் என்று யோசித்தால் நியாயம் புரியும். முதுகால் பூத்தொடுக்கவா போகிறோம்?

கையும் காலும் ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையில் டாக்டர்கள் நடுங்குவது பேச்சைப் பற்றித்தான்.

பேச்சுப் பகுதியைத் தொட்டால் வாயிலிருந்து வார்த்தை கொட்டாது. நேர்மாறாக, அடைத்துக்கொள்ளும். அதனால் நோயாளிக்குப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார்கள். ஒருமுறை பென்ஃபீல்ட் ஒரு நோயாளிக்கு வண்ணத்துப்பூச்சியின் படத்தைக் காட்டினார். அந்த நேரத்தில் மின்முனை மூளை மேல் இருந்தது. நோயாளியால் பெயர் சொல்ல முடியவில்லை. எரிச்சலில் விரலைச் சொடுக்கினார். மின்முனையை எடுத்ததும் வார்த்தை வந்துவிட்டது. பிறகு அவர் விளக்கினார்: வண்ணத்துப்பூச்சி என்ற சொல் கிடைக்கவில்லை, சரி அந்துப்பூச்சி என்றாவது சொல்வோம் என்று தேடினேன், அதுவும் வரவில்லை. அது என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதன் உறவுக்காரப் பூச்சி வரை நினைவில் இருக்கிறது. சொல்லுக்குப் போகும் கதவு மட்டும் சாத்தியிருக்கிறது.

அந்தக் கதவு இருக்கும் இடத்தை டாக்டர் வெட்டக் கூடாது. அது எங்கே என்று புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அமெரிக்காவின் ஜார்ஜ் ஓஜெமன் 117 நோயாளிகளிடம் பேச்சு இடங்களைத் தேடி 1989-ல் வெளியிட்டார். ஒருவருக்கு இருந்த இடத்தில் இன்னொருவருக்கு இல்லை. பலருக்கு அது நகத்தளவு இடமாக, இரண்டு மூன்றாகச் சிதறிக் கிடந்தது. இரண்டு மொழி பேசுபவர்களிடம் அதற்கு முன்பே அவர் சோதித்திருந்தார். சில இடங்களைத் தொட்டால் ஒரு மொழி மட்டும் தடுமாறியது, இன்னொன்று தப்பித்தது. வீட்டில் தமிழும் ஆபீஸில் ஆங்கிலமுமாக வாழும் ஒருவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் படம் காட்டிச் சோதித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நோயாளி பேசும் ஒவ்வொரு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று டாக்டர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

கருகிய ரொட்டி வாசனை

கனடாவில் யாரிடம் பென்ஃபீல்ட் என்று சொன்னாலும், கருகிய ரொட்டி என்று பதில் வரும். 1991-ல் அங்கே டி.வி-யில் ஒரு நிமிடக் குறும்படம் வந்தது. வலிப்பு வருவதற்கு முன்பெல்லாம் ரொட்டி கருகும் வாசனையை உணரும் ஒரு பெண். ஆபரேஷன் மேஜையில் டாக்டர் ஓர் இடத்தைத் தொட்டதும், அதே வாசனை வருவதாகச் சொல்வார். நோயின் வேர் சிக்கிவிட்டது! (கருகல் வாசனை வந்தால் ஸ்ட்ரோக் வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதற்கு ஆதாரமும் இல்லை.)

காதுக்குப் பக்கத்தில் இருக்கும் பொட்டுப் பகுதி மூளையைத் தொட்டபோது இன்னும் ஆச்சரியங்கள் நடந்தன. ஒருவருக்கு இசைக்குழு வாசிப்பது கேட்டது. ஒரு தாய், தன் வீட்டுச் சமையலறையில் நிற்பதாக உணர்ந்தார். வெளியே அவர் பையன் விளையாடும் சத்தம், தெருவில் கார் போகும் சத்தம், அதில் பிள்ளை மாட்டிக்கொள்வானோ என்ற கவலை உட்பட எல்லாம் வந்தன.

மூளை நம் வாழ்க்கையை ஒன்றுவிடாமல் டேப் ரெக்கார்டர்போலப் பதிவு செய்கிறது என்று பென்ஃபீல்ட் நம்பினார். இன்றைக்கும் மோட்டிவேஷன் பேச்சாளர்கள் மேடையில் இதைச் சொல்கிறார்கள். ஆனால் 1963-ல் அவரே கொடுத்த கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பொட்டுப் பகுதியைத் தொட்ட 520 பேரில் 40 பேருக்குத்தான் இப்படி அனுபவங்கள் வந்தன. அவற்றிலும் எத்தனை உண்மையான நினைவு, எத்தனை கனவுபோல மூளை கோத்துக் கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல வழி இல்லை. மகத்தான டாக்டர்தான். இந்த ஒரு விஷயத்தில் அவர் ஆசை, ஆதாரத்தைவிட ஓரடி முன்னால் ஓடிவிட்டது.

அவரிடம் பயின்றவர்களில் நம் பக்கத்துக்காரர் ஒருவரும் உண்டு. கோட்டயத்தைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி. மான்ட்ரியலில் பயிற்சி முடித்துத் திரும்பி, 1949-ல் வேலூர் சி.எம்.சி-யில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1952-ல் அங்கே வலிப்பு நோய்க்கான ஆபரேஷனும் செய்தார்.

இன்று எப்படி?

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் இவர்களில் 70 சதவிகிதம் பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழலாம். மருந்துக்கு அடங்காதவர்களில் சிலருக்குத்தான் ஆபரேஷன் என்ற பேச்சே வரும்.

இதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நம் ஊரில் ஒருவர் வலிப்பு வந்து ரோட்டில் விழுந்தால், இன்னும் சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறார்கள். கையில் இரும்பைத் திணித்ததும் வலிப்பு நிற்பதுபோலத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். இரும்புக்கு அதில் வேலை இல்லை. அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆபரேஷன்தான் வழி என்று முடிவானால், இ.இ.ஜி, எம்.ஆர்.ஐ. என்று வரிசையாகப் பரிசோதனைகள் நடக்கும். அவற்றில் வலிப்பின் இடம் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் மண்டையோட்டில் சிறு துளைகள் போட்டு, மெல்லிய கம்பி மின்முனைகளை மூளைக்குள் இறக்குவார்கள். 1950-களில் பாரிஸில் தலைராக், பன்கோ என்ற டாக்டர்கள் உருவாக்கிய முறை இது. அதன் பிறகு நோயாளி ஒன்றிரண்டு வாரம் வார்டில் காத்திருப்பார். எதற்கு? வலிப்பு வருவதற்கு! வாழ்நாளெல்லாம் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒன்று, இப்போது கேமராவுக்கு முன்னால் வர வேண்டும். அதற்காக மருந்தைக்கூடக் குறைப்பார்கள்.

நடுவில் ஒரு நாள் வரைபட வேலை. டாக்டரும் நோயாளியும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு மின்முனை வழியாகவும் சில மில்லி ஆம்பியர் மின்சாரம், சில விநாடிகள். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள், இதைப் படியுங்கள், கையை நீட்டுங்கள். மின்சாரமே வலிப்பைக் கிளப்பிவிடும் ஆபத்து உண்டு. அதனால் மூளை அலைகளைக் கவனிக்க ஒருவர் கண்ணை எடுக்காமல் திரை முன்னால் இருப்பார். மண்டையோட்டைத் திறந்து செய்யும்போது அப்படி ஆனால், குளிர்ந்த உப்பு நீரை மூளை மேல் ஊற்றி அடக்குவதும் உண்டு.

இந்தக் காத்திருப்பு நாட்களில் சம்மதம் கொடுத்த நோயாளிகளால் நமக்குத் தெரியவந்தவை கொஞ்சநஞ்சமல்ல. 1998-ல் கலிஃபோர்னியாவில் 16 வயதுப் பெண் ஒருத்தியின் மூளையில் ஓர் இடத்தைத் தூண்டினார்கள், சிரித்தாள். மின்சாரத்தைக் கூட்டினால் சிரிப்பும் கூடியது. ஏன் சிரித்தாய் என்றால், அங்கே நிற்கும் டாக்டர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது என்றாள். குதிரைப் படத்தைக் காட்டியபோது குதிரையால் சிரிப்பு வருகிறது என்றாள். சிரிப்பு முதலில் வந்தது, காரணத்தை மனசு பிறகு தேடிக்கொண்டது. 2012-ல் ஸ்டான்ஃபோர்டில் ஓர் ஆணுக்கு முகம் அறியும் பகுதியைத் தூண்டினார்கள். எதிரில் நின்ற டாக்டரின் முகம் வேறு யாரோபோல உருகி மாறியது. சட்டை, டை எல்லாம் அப்படியே இருந்தன!

குட்டி மனிதனும் அப்படியே இல்லை. 2023-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விஞ்ஞானிகள், அவன் கால், கை, முகம் மூன்றுக்கும் நடுவே இடைவெளிகள் இருப்பதைக் காட்டினார்கள். அந்த இடங்கள் தனி உறுப்பு எதையும் அசைப்பதில்லை. உடம்பு முழுவதும் சேர்ந்து செய்யும் செயல்களுக்கும் திட்டமிடலுக்கும் அவை பாலம் என்பது அவர்கள் கருத்து.

ஆனால் பென்ஃபீல்டின் மின்முனைக்குக் கடைசி வரை வாய் திறக்காத பகுதி ஒன்று உண்டு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் பெரும்பகுதி. அங்கே தொட்டால் விரல் துடிக்காது, வார்த்தை அடைக்காது, வாசனை வராது. நோயாளி எதுவும் தெரியவில்லை என்பார். ரூத்திடமிருந்து எடுக்கப்பட்டது அந்தப் பகுதிதான். எந்த மின்சாரத்துக்கும் பதில் சொல்லாத அந்த இடம் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதைச் சொன்னது, ஒரு சமையலறை.

1935-ல் ஜோசப் எவன்ஸுடன் சேர்ந்து பென்ஃபீல்ட் இதை 'பிரெயின்' மருத்துவ இதழில் எழுதினார். கூடப்பிறந்தவள் என்ற குரல் அதில் இல்லை, மற்ற நோயாளிகளின் குறிப்புகளைப்போல ஒரு குறிப்புதான். அந்தப் பெண்ணின் அறிவும் நகைச்சுவையும் குறையவில்லை, யாராவது பக்கத்தில் இருந்து அடுத்து என்ன என்று எடுத்துக் கொடுத்தால் அவரால் செய்ய முடிந்தது என்பதெல்லாம் வருகிறது. ஐந்து பேருக்கான அந்த இரவுச் சாப்பாடும் வருகிறது. தயாராகாத சாலட், அடுப்பில் ஏறாத இறைச்சி வரை.